வேலை போகவில்லை, தூக்கம்தான் போனது

மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலை. என் அக்காள் கணவர் அங்கே இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 2023ஆம் ஆண்டு, உலகெங்கும் சில்லு வியாபாரம் படுத்துக் கிடந்த நேரம். ஏப்ரல் மாதம் ஆட்குறைப்பு வரப்போகிறது என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. முதலில் சொன்னவர் கம்பெனி பஸ் ஓட்டுநர். வழக்கமாக ஓராண்டுக்குப் போடும் பஸ் ஒப்பந்தத்தை அந்த முறை மூன்று மாதத்துக்குத்தான் போட்டிருக்கிறார்கள் என்றார். அடுத்து கேண்டீன் அம்மா. இரவு ஷிப்டுக்கு நாற்பது பொட்டலம் குறைத்துவிட்டார்கள் என்றார். நிர்வாகம் வாயைத் திறக்கவில்லை.

நவம்பரில் பேச்சு தானாக அடங்கியது. இடைப்பட்ட ஏழு மாதத்தில் ஒருவருக்குக்கூடக் கடிதம் வரவில்லை. தொழிற்சாலை இன்றும் ஓடுகிறது.

ஆனால் அந்த ஏழு மாதத்தில்தான் மாமாவுக்கு (அக்காள் கணவரை அப்படித்தான் கூப்பிடுவேன்) இரத்த அழுத்த மாத்திரை தொடங்கியது. அவர் பிரிவிலிருந்த ஐந்து கைதேர்ந்த ஆட்களில் மூன்று பேர் வேறு கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். அக்காள் மகள் ஒரு தனியார் கல்லூரிக்குப் போட்டிருந்த விண்ணப்பத்தை, வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொல்லாமலே, தானாகத் திரும்பப் பெற்றுக்கொண்டாள்.

நடக்கவே நடக்காத ஒன்று இத்தனையையும் எப்படிச் செய்தது? கல்யாண வீட்டுப் பந்தியிலும் சாப்பாட்டுக் கடையிலும் இதைப் பற்றி இரண்டு கருத்துகளை அடிக்கடி கேட்கிறேன். ஒன்று, "இந்தக் காலத்தில் எந்த வேலைக்குத்தான் உத்தரவாதம்? எல்லோருக்கும் உள்ளதுதானே." மற்றது மேற்பார்வையாளர்கள் சொல்வது: "கொஞ்சம் பயம் இருந்தால்தான் ஆள் ஒழுங்காக வேலை செய்வான்." இரண்டுமே அரைகுறை. மனிதவளப் பிரிவில் பத்தாண்டு உட்கார்ந்தவன் நான். மேசையின் அந்தப் பக்கத்திலிருந்தும் இதைப் பார்த்திருப்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

பெயரில் தொடங்குவோம்

தமிழில் இதைப் 'பணிப் பாதுகாப்பின்மை' என்று எழுதுகிறார்கள். தொழிற்சாலை வாசலில் 'பாதுகாப்பு' என்றால் தலைக்கவசமும் காலணியும்தான் நினைவுக்கு வரும். ஆகவே இங்கே வேலை நிலையாமை என்று வைத்துக்கொள்கிறேன். நிலையாமை என்றதும் சிலருக்குச் சுடுகாட்டு வேதாந்தம் நினைவுக்கு வரலாம். அதுவும் பொருத்தமில்லாமல் போகாது.

வேலை நிலையாமை என்பது, வேலையில் இருக்கும் ஒருவர், தாம் விரும்பும் அந்த வேலை தொடர்ந்து தம் கையில் இருக்குமா என்று அஞ்சும் நிலை. சிறிய வாக்கியம்தான், ஆனால் அதில் உள்ள மூன்று சொற்களைக் கவனிக்க வேண்டும்.

'வேலையில் இருக்கும்' என்பது முதலாவது. வேலை போனவருக்கு இருப்பது வேலையின்மை. அது வேறு துன்பம். அடுத்தது 'அஞ்சும்'. இது மனத்தில் நடப்பது. ஒரே வரிசையில், ஒரே இயந்திரத்துக்கு முன்னால் நிற்கும் இரண்டு பேரில் ஒருவர் நிம்மதியாகத் தூங்குவார், மற்றவர் தூங்கமாட்டார். தூங்காதவருக்கு வீட்டுக்கடன் இருக்கலாம், வயது ஐம்பதைத் தாண்டியிருக்கலாம், 2008-09 நெருக்கடியில் ஒருமுறை அடிபட்டவராகவும் இருக்கலாம். மூன்றாவது 'விரும்பும்'. எப்போது விருப்ப விலகல் திட்டம் அறிவிப்பார்கள், காசை வாங்கிக்கொண்டு கடை போடலாம் என்று காத்திருப்பவரும் நிலையில்லாத வேலையில்தான் இருக்கிறார். அவருக்கு அச்சமில்லை. அவரை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

1984இல் லியோனார்ட் கிரீன்ஹால், ஸெஹவா ரோசன்பிளாட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வரையறை தந்தபோது நடுவில் வைத்த சொல் 'கையாலாகாமை'. வேலை ஆபத்தில் இருக்கிறது, அதைக் காப்பாற்ற நம்மால் எதுவும் செய்ய முடியவில்லை என்ற உணர்வு. பின்னால் இந்தச் சொல்லுக்குத் திரும்பி வருவேன்.

கொடியில் துணி, ஓங்கிய பிரம்பு

அக்காள் வீடு தீவுக்கு எதிர்க்கரையில், பிறை என்ற ஊரில். மாலையில் புக்கிட் மெர்தாஜாம் மலைமேல் மேகம் கூடினால் அக்காள் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடப்பாள். மழை கொட்டினால் துணியை எடுத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். வெயில் அடித்தால் பேசாமல் இருக்கலாம். இரண்டுமில்லாமல் மேகம் மட்டும் நின்றால், எடுப்பதா விடுவதா என்றே தெரியாது. குழம்பு அடிபிடிப்பது அன்றைக்குத்தான்.

வேலை போய்விட்டால் மனிதன் ஏதோ ஒன்றைச் செய்யத் தொடங்குகிறான். பதிவு செய்கிறான், கடன்காரனிடம் தவணை கேட்கிறான், மைத்துனனிடம் சொல்லி வைக்கிறான். வேலை உறுதி என்றால் கார் வாங்குகிறான். மேகம் மட்டும் நிற்கும்போது ஆயத்தமும் செய்ய முடியாது, நிம்மதியாகவும் இருக்க முடியாது. மதில்மேல் பூனை என்று நாம் கேலியாகச் சொல்வது முடிவெடுக்காத ஆளை. இங்கே முடிவெடுப்பவர் வேறொருவர். மதில்மேல் உட்கார்ந்திருப்பது மட்டும் நம் வேலை.

இன்னொரு ஒப்புமை, தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாதது. வாத்தியார் பிரம்பை ஓங்கிவிட்டு யாரையோ திட்டிக்கொண்டிருப்பார். கையை நீட்டியபடி நிற்கும் அந்த அரை நிமிடம் அடியைவிட நீளம்.

இது வெறும் பழைய நினைவு இல்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஒரு சோதனையில் 45 பேர் பங்கெடுத்தார்கள். கணினி விளையாட்டு ஒன்றில் பாறைகளைப் புரட்டிப் பார்க்க வேண்டும். அடியில் பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி மின்சாரம் பாயும். வியர்வையையும் கண்மணி விரிவதையும் அளந்தார்கள். நிச்சயமாக அதிர்ச்சி வரும் என்று தெரிந்த நேரத்தைவிட, வரலாம் வராமலும் போகலாம் என்று பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்த நேரத்தில்தான் மன அழுத்தம் உச்சத்தில் இருந்தது. கெட்ட செய்தியைவிடச் செய்தியே இல்லாமை உடம்பை அதிகம் முறுக்குகிறது.

இதுவரை சொன்னதை ஒரு மூச்சில் சொன்னால்: வேலை நிலையாமை வேலை இழப்புக்கு முந்திய சின்ன நோய் அல்ல, தனி நோய். இழப்பு வராமலே போனாலும் இது வந்து தன் வேலையைச் செய்துவிட்டுப் போகும்.

இரண்டு முடிச்சுகள்

பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தில் இதையே நீண்டகாலம் ஆராய்ந்த ஹான்ஸ் டெ விட்டெ, துன்பத்தின் வேரை இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று, என்ன நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாமை. மற்றது, நடப்பதை நம்மால் கட்டுப்படுத்த முடியாமை.

முதல் முடிச்சுக்குக் கொடியில் துணியே போதும். இரண்டாவதை விளங்கிக்கொள்ள மலேசியத் தமிழர் வேறெங்கும் போக வேண்டியதில்லை, தாத்தா பாட்டி கதையைக் கேட்டால் போதும். சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரத் துரைமார் ரப்பர்த் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டுபோட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அதற்கு இன்றும் பெயர். பால்மரம் சீவியவருக்கு வேலை போனால் வேலை மட்டும் போகாது. வீடு தோட்டத்தின் வீடு, தண்ணீர் தோட்டத்தின் தண்ணீர், பிள்ளை படிப்பது தோட்டத்துப் பள்ளி. யார் வாங்குகிறான், எப்போது வாங்குகிறான் என்று எதுவும் தெரியாது. தெரிந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. பிறகு 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமாகியது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்களுக்கு நாளை விடிந்தால் என்ன என்ற கேள்வி வந்தது. ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினார்கள்.

1960இல் இந்தியர்களின் அரசியல் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதை நாம் நிலம் வாங்கிய கதையாகவே சொல்கிறோம். எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. மாதம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்கலாம் என்றபோது, அந்தப் பங்குச் சீட்டு வைத்திருந்தவரின் கையாலாகாமை கொஞ்சம் குறைந்தது. எல்லோரையும் அது காப்பாற்றிவிடவில்லை. ஆனால் செய்வதற்கு ஏதோ ஒன்று இருந்தது.

போவது வேலையா, வேலையில் உள்ளதா?

இங்கே பலரும் சறுக்குகிறார்கள். "அவனுக்கு என்ன, வேலை இருக்கிறதே" என்பார்கள். 1999இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் சிலர் நிலையாமையை இரண்டாகப் பிரித்தார்கள். வேலையே போய்விடுமோ என்ற அச்சம் ஒன்று. வேலை இருக்கும், ஆனால் அதில் எனக்கு வேண்டியது போய்விடுமோ என்ற அச்சம் மற்றது. முதலாவதை முழு நிலையாமை என்றும் இரண்டாவதை உள் நிலையாமை என்றும் சொல்லிக்கொள்வோம்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் உள் நிலையாமைக்கு இன்னொரு பெயர் ஓவர்டைம். அடிப்படைச் சம்பளம் வீட்டுக்கு, ஓவர்டைம் காசு கார்த் தவணைக்கு என்று பிரித்து வாழும் குடும்பங்கள் ஏராளம். ஓவர்டைமை நிறுத்தினால் யாரும் வேலை இழக்கவில்லை. ஆனால் கார் இழுத்துச் செல்லப்படும். பத்தாண்டாகப் பகல் ஷிப்டில் இருந்த பெண்ணை இரவு ஷிப்டுக்கு மாற்றப்போகிறார்கள் என்ற பேச்சும், இந்தப் பிரிவை கெடா மாநிலத்துக் கூலிமுக்குக் கொண்டுபோகிறார்கள் என்ற பேச்சும், புது இயந்திரம் வந்துவிட்டால் நான் பெட்டி தூக்கப் போக வேண்டியதுதான் என்ற கவலையும் இதே வகை. இந்த வகை அச்சமும் உடல்நலத்தைக் கெடுக்கிறது என்பது இப்போது நன்றாகத் தெரிந்த விஷயம்.

உடம்பு என்ன செய்கிறது?

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆபத்து எதிரே வந்தால் உடம்பு அட்ரினலின், கார்டிசால் போன்ற ஹார்மோன்களைச் சுரந்து ஓடவோ சண்டை போடவோ ஆயத்தமாகிறது. நாய் துரத்தினால் இது நல்லது. நாய் ஓடியதும் எல்லாம் அடங்கிவிடும். துரத்தப்போகும் நாய் ஏழு மாதம் வாசலில் படுத்திருந்தால் அடங்குவதற்கு வழியில்லை. தூக்கம் கெடும், இரத்த அழுத்தம் ஏறும், சின்னச் சத்தத்துக்கும் எரிச்சல் வரும், எதிலும் பிடிப்பில்லாமல் போகும்.

லண்டன் அரசு ஊழியர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை 1985 முதல் தொடர்ந்து கவனித்து வரும் புகழ்பெற்ற ஆய்வு ஒன்று உண்டு. இரண்டாவது வைட்ஹால் ஆய்வு என்பார்கள். அதில் இருந்த ஒரு துறையை மட்டும் தனியாருக்கு விற்க முடிவானது. ஆய்வாளர்களுக்கு இது எதிர்பாராமல் கிடைத்த வாய்ப்பு. துறை விற்கப்படும் முன்பே, மாற்றம் வரப்போகிறது என்று காத்திருந்த கட்டத்திலேயே, அங்கிருந்த ஆண்களின் உடல்நலம் மற்றத் துறையினரைவிடச் சரிந்திருந்தது. 1995இல் வெளிவந்த முடிவு இது.

மிகைப்படுத்தவும் கூடாது. 'வேலை பயம் மாரடைப்பு தரும்' என்று கைப்பேசியில் சுற்றும் செய்திகளை நம்பிவிட வேண்டாம். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வந்த ஒரு பெரிய கணக்கில், வேலை நிலையாமை உள்ளவர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு ஓரளவுதான் கூடியிருந்தது. அதிலும் ஒரு பகுதிக்குக் காரணம் அவர்களின் குறைந்த வருமானமும் மற்ற உடல்நலக் கோளாறுகளும். மாமாவின் இரத்த அழுத்தத்துக்கு பினாங்கின் நாசி கண்டார் சோறும் கொஞ்சம் பொறுப்பேற்க வேண்டும்.

பயம் இருந்தால்தான் வேலை நடக்குமா?

இனி மேற்பார்வையாளர்களின் கட்சிக்கு வருவோம். அதில் துளியும் உண்மை இல்லை என்று சொல்லமாட்டேன். அடுத்த வாரம் யாரை அனுப்புவது என்று பட்டியல் போடுகிறார்கள் என்ற பேச்சு வந்ததும் ஆட்கள் நேரத்துக்கு வருகிறார்கள், கேண்டீனிலிருந்து சீக்கிரம் எழுகிறார்கள். நன்றாக வேலை செய்தால் தப்பிக்கலாம் என்று நம்புபவர் கொஞ்ச நாள் கூடுதலாகவே உழைப்பார். மேலாளர் கண்ணில் படுவது இதுதான். கண்ணில் படாதது என்ன என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அந்த ஜூலையில் ஒரு நாள் மாமா வீட்டுக்கு வந்தபோது இடது கை ஆள்காட்டி விரல் தடித்திருந்தது. சர்க்யூட் பலகைகளுக்கு ஒட்டும் மஞ்சள் டேப்பை விரலில் சுற்றியிருந்தார், உள்ளே மடித்த டிஷ்யூ. இயந்திரத்தின் மூடித் தகடு கிழித்துவிட்டதாம். காலை பத்து மணிக்கு. கம்பெனியில் முதலுதவி அறை இருக்கிறது, தாதியும் இருக்கிறார். ஏன் போகவில்லை என்றேன். அவர் பிரிவின் வாசலில் 'விபத்தில்லா நாட்கள்' என்று ஒரு பலகை. அன்று அதில் 212. "அதை யார் பூஜ்யம் ஆக்கியது என்று கேட்டால் என் பெயர் வரும், மச்சான். இந்த நேரத்தில் வரக்கூடாது" என்றார். இரண்டு கையுறை போட்டுக்கொண்டு மாலை வரை வேலை செய்திருக்கிறார். மறுநாள் பலகையில் 213 என்று மாற்றினார்கள்.

இது மாமாவின் தனிக் குணம் இல்லை. அமெரிக்க உளவியலாளர் தாஹிரா புரோப்ஸ்ட் இதையே ஆராய்ந்தவர். வேலை நிலையாமை கூடும் இடங்களில் பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடிப்பது குறைவதையும், பட்ட காயத்தைச் சொல்லாமல் மறைப்பது கூடுவதையும் அவருடைய ஆய்வுகள் காட்டின. உற்பத்தி எண்ணிக்கையைத்தான் மேலிடம் பார்க்கிறது என்று நினைக்கும் தொழிலாளி, மேலிடம் பார்க்காத மூலையில் சிக்கனம் செய்கிறார். பலகையில் எண் ஏறுகிறது. மேலாளர் அதைப் பயத்தின் பலன் என்று எண்ணிக்கொள்கிறார்.

உடம்பு முடியாமல் வேலைக்கு வருவதும் இதன் தம்பிதான். காய்ச்சலோடு வந்து நிற்பவரை ஊக்கமுள்ளவர் என்று மெச்சுவோம். அவர் செய்த பிழையைத் தேடுவது அடுத்த வாரம். அறிவைப் பதுக்குவது இன்னொரு தம்பி. ஒரு பழைய இயந்திரம் மக்கர் செய்தால் எந்தத் திருகை எவ்வளவு திருப்ப வேண்டும் என்பது மாமாவின் பிரிவில் ஒருவருக்குத்தான் தெரியும். அந்த ஏழு மாதம் அவர் யாருக்கும் சொல்லித்தரவில்லை. எனக்கு மட்டும் தெரிந்தவரை என்னை அனுப்பமாட்டார்கள் என்ற கணக்கு. தப்பு என்று சொல்லமுடியுமா?

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது, போகிறவர்கள் யார் என்பது. பயம் எல்லோரையும் ஒரே மாதிரி துரத்துவதில்லை. வெளியே கதவு திறந்திருப்பவர்தான் முதலில் போவார். கைத்தொழில் தெரிந்தவர், இளையவர், ஆங்கிலத்தில் நேர்முகத்தேர்வு தர முடிந்தவர். போக இடமில்லாதவர் தங்கிவிடுவார், அச்சமும் அவரோடு தங்கிவிடும். வதந்தியாலேயே ஒரு கம்பெனி தன் நல்ல ஆட்களை வடிகட்டி அனுப்பிவிட முடியும். மாமாவின் பிரிவில் ஐந்தில் மூன்று பேர் அப்படித்தான் போனார்கள்.

மிச்சமிருப்பவர்களிடம் வேறொன்று உடைகிறது. அதற்கு மன ஒப்பந்தம் என்று பெயர்: தாளில் எழுதாமல், தொழிலாளியும் முதலாளியும் ஒருவரிடம் ஒருவர் எதிர்பார்க்கும் கடமைகள். நான் ஒழுங்காக உழைப்பேன், நீ என்னை நடுத்தெருவில் விடமாட்டாய். ஒரு பக்கம் அது முறிந்ததாக நினைத்துவிட்டால் மறுபக்கமும் கணக்குப் பார்க்கத் தொடங்கும். வேலை விவரத்தில் எழுதியிருப்பதை மட்டும் செய்வார். புதிதாக வந்த பையனுக்குக் கைகாட்டி விடுவது, ஷிப்டு முடிந்தும் ஐந்து நிமிடம் நின்று ஒப்படைப்பது போன்ற பெயரில்லாத வேலைகள் நின்றுவிடும்.

அதுவரை வந்த ஆய்வுகளை 2002இல் ஒன்றுசேர்த்துப் பார்த்த ஸ்வீடன் ஆய்வாளர்கள், வேலை நிலையாமை கூடும்போது நம்பிக்கை, ஈடுபாடு, உடல்நலம், மனநலம் எல்லாம் குறைவதையும் விலகும் எண்ணம் கூடுவதையும் கண்டார்கள். வேலைத்திறன் உயர்ந்ததாக மட்டும் தெரியவில்லை.

சுருக்கமாக: பயம், பார்க்கப்படும் வேலையைக் கொஞ்ச நாள் கூட்டும், பார்க்கப்படாத வேலையை நீண்ட நாள் குறைக்கும்.

வீட்டுக்குள் வருவது

கம்பெனி விஷயம் கம்பெனியோடு என்று சொல்லும் ஆண்கள் உண்டு. மாமாவும் அப்படித்தான் சொல்வார். ஏழு மாதமும் பிள்ளைகளிடம் ஒன்றும் சொல்லவில்லை என்று அவருக்குப் பெருமை. ஆனால் வீட்டில் தீபாவளித் துணியைப் பற்றிப் பேச்சு எடுக்கவில்லை, தண்ணீர்மலைக்கு எடுப்பதாக இருந்த காவடியைத் தள்ளி வைத்தார், தொலைக்காட்சியில் செய்தி வந்தால் சத்தத்தைக் கூட்டினார். பிள்ளைகளுக்கு வேறென்ன சொல்ல வேண்டும்? பெற்றோரின் வேலை ஆட்டம் காண்கிறது என்று உணரும் கல்லூரிப் பிள்ளைகளின் மதிப்பெண்ணும் இறங்குவதை 1990களின் கடைசியில் கனடாவில் ஆராய்ந்திருக்கிறார்கள். அக்காள் மகள் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது மே மாதம். மாமாவுக்குத் தெரிந்தது அக்டோபரில்.

முடிச்சை அவிழ்ப்பது

முடிச்சு இரண்டு என்றோம்: தெரியாமை, கையாலாகாமை. மருந்தும் அந்த இரண்டுக்குத்தான்.

தெரியாமையைப் பற்றி 1991இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வு எனக்கு மிகப் பிடிக்கும். இரண்டு கம்பெனிகள் இணையப்போகும் நேரம். ஒரு தொழிற்சாலையில் வழக்கம்போல ஒரு கடிதத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். இன்னொன்றில் மாற்றங்களைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். செய்தி மடல், கேள்வி கேட்கத் தொலைபேசி எண், வாராவாரம் கூட்டம். சொன்ன செய்தி எல்லாம் நல்ல செய்தி இல்லை. இரண்டு இடத்திலும் முதலில் அச்சம் ஏறியது. சொல்லாத இடத்தில் அது ஏறிக்கொண்டே போனது, சொன்ன இடத்தில் நின்றுவிட்டது.

நான் மனிதவளப் பிரிவில் இருந்தபோது, கோலாலம்பூரில், இப்படிப்பட்ட ஒரு நேரத்தில் ஒரு சுற்றறிக்கை எழுதினேன். 'நிர்வாகம் நிலைமையை உன்னிப்பாகக் கவனித்து வருகிறது' என்பது அதன் கடைசி வரி. நல்ல வரி என்று நினைத்தேன். மறுநாள் பதினோரு பேர் என் மேசைக்கு வந்து அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்கள். எனக்கும் தெரியாது. 'செப்டம்பர் வரை முடிவு எடுக்கப்படாது' என்று எழுதியிருந்தாலே அவர்கள் செப்டம்பர் வரை தூங்கியிருப்பார்கள்.

கையாலாகாமைக்கு மருந்து, கையில் ஏதாவது இருப்பது. இன்னொரு தொழில், சேமிப்பு, சங்கம். மின்னணுத் துறையில் தேசிய அளவில் ஒரு தொழிற்சங்கம் அமைக்க நீண்ட காலம் அனுமதிக்கப்படவில்லை. பின்னர் வட்டாரச் சங்கங்களுக்கு வழிவிட்டார்கள். பினாங்குத் தொழிலாளர்கள் பலர் இன்னும் இதைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பது என் எண்ணம்.

சட்டமும் கையில் இருக்கும் ஒன்றுதான், ஆனால் தெரிந்திருக்க வேண்டும். தீபகற்ப மலேசியாவில், மாதம் 4,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்குபவரை ஆட்குறைப்புச் செய்தால் 1980ஆம் ஆண்டின் விதிமுறைப்படி இழப்பீடு உண்டு. குறைந்தது ஓராண்டு வேலை செய்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்குக் குறைவானால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம்; இரண்டிலிருந்து ஐந்துக்குள் 15 நாள்; ஐந்தும் அதற்கு மேலும் 20 நாள். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், ஐந்தாண்டைத் தாண்டியவருக்குக் குறைந்தது 8 வார முன்னறிவிப்பு. கம்பெனி தொழிலாளர் இலாகாவுக்கு 30 நாள் முன்பே தெரிவிக்க வேண்டும். நியாயமில்லாமல் நீக்கினார்கள் என்று நினைத்தால் 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் புகார் செய்யலாம்.

2018இல் தொடங்கிய வேலைக் காப்புறுதித் திட்டம் வேறு. சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் கீழ் இருப்பது. சம்பளச் சீட்டில் அதற்குச் சில ரிங்கிட் பிடிப்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. திட்டம் வந்தபோது வகுத்த கணக்குப்படி, காப்புறுதிக்கு உட்பட்ட சம்பளத்தில் முதல் மாதம் 80 விழுக்காடு, அடுத்த மாதம் 50, பிறகு இரண்டு மாதம் 40, கடைசி இரண்டு மாதம் 30 என்று உதவித்தொகை. வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விருப்ப விலகல் திட்டத்தில் போனவருக்கும் உண்டு. தானாக ராஜினாமா செய்தவருக்கு இல்லை. வதந்தியைக் கேட்டு அவசரப்பட்டுக் கடிதம் கொடுப்பவர்கள் இதைத்தான் இழக்கிறார்கள்.

அந்த ஆகஸ்டில் ஓர் ஞாயிற்றுக்கிழமை, அக்காள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் மாமா கணக்குப் போட்டார். பத்தொன்பது ஆண்டு, ஆண்டுக்கு 20 நாள், மொத்தம் 380 நாள். மாதச் சம்பளம் 2,600. அதை 26ஆல் வகுத்து ஒரு நாளைக்கு 100 என்று வைத்து 38,000 என்று எழுதினார். அப்படி இல்லை, பன்னிரண்டு மாதச் சம்பளத்தை 365ஆல் வகுக்க வேண்டும் என்றேன். அடித்துவிட்டு மறுபடி போட்டார். 85 ரிங்கிட் 48 காசு. 380 நாளுக்கு 32,482. ஐயாயிரத்து ஐந்நூறு போய்விட்டதே என்று என்னைத்தான் முறைத்தார். பிறகு அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, கீழே '8 வாரம்' என்றும், அதற்குக் கீழே 'சொக்சோ, 60 நாள்' என்றும் எழுதி, ஐஸ்பெட்டி மேல் காந்தத்தில் மாட்டினார்.

தாள் இன்னும் அங்கேதான் இருக்கிறது. வேலையில் சேர்ந்த தேதி வரும்போதெல்லாம் திருத்துகிறார். 380ஐ அடித்து 400, 400ஐ அடித்து 420.